ஸ்கேல் மிஸ்

ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்கேல் மிஸ். தாய்மொழியில் ஒரு சொல் வாய்தவறி வந்தாலும் விரல் முட்டியில் மர ஸ்கேலின் ஓரம் இறங்கும். அது பள்ளியின் சட்டம். அவருக்கும் சின்ன வயதில் ஆங்கிலம் அடிவாங்கித்தான் வந்தது. பதினாறு வருட வேலையில் அதைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை.

அன்று கடைசி பெஞ்சில், டீச்சர்களின் ஆங்கிலத்தைக் கண்காணிக்க நிர்வாகம் வரவழைத்த வெளிநாட்டுப் பயிற்சியாளன் உட்கார்ந்திருந்தான். ஒரு நாளும் பாடம் நடத்தியிராத இளைஞன். ஆங்கிலம் அவன் பிறந்த மொழி என்பது ஒன்றே தகுதி. டீச்சர் தாய்மொழி பேசினால் தன் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே கோடு போடுவான். மூன்று கோடு விழுந்தால் வேலை போகும்.

காற்றில் வகுப்பின் இரும்புக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. கதவுக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி எழுந்து நின்றாள்.

"மிஸ்... கதவு... மை..."

"இங்கிலீஷ்!" கரும்பலகையிலிருந்து டீச்சர் திரும்பவில்லை.

"மை... டோர்..."

"ஃபுல் சென்டென்ஸ்!" ஸ்கேலை ஓங்கியபடி திரும்பினார். சிறுமி தூக்கிப் பிடித்த கையில் வழிந்த ரத்தம் முழங்கையிலிருந்து நோட்டில் சொட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். நடுவிரல் நுனி கதவிடுக்கிலேயே தங்கிவிட்டது.

"ஐயோ, கண்ணு! கத்த வேண்டியதுதானே!"

"அடிப்பீங்கன்னு..."

பயிற்சியாளன் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தான்.

வெல்டிங் பட்டறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த சிறுமியின் அப்பா டீச்சரை ஓங்கி அறைந்தார். மூக்குக்கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது.

"எம் பொண்ண இதுவரைக்கும் எத்தனை தடவ அடிச்சிருக்க?"

டீச்சருக்குக் கணக்குத் தெரியவில்லை.

மறுநாள் பள்ளி நிர்வாகி ஒரு தாளை நீட்டினார். "விளையாடும்போது அடிபட்டுச்சுன்னு கையெழுத்துப் போடுங்க மிஸ். ஒரு விரல் நுனிக்காக ஸ்கூலையே மூடவா?"

நடந்ததை, தான் அடித்தது உட்பட, டீச்சர் வேறு தாளில் எழுதிக் கொடுத்தார். நிர்வாகி அதைக் கிழித்தார். கிழித்த கையின் முட்டியில் ஸ்கேல் இறங்கியது. மறுபடியும் இறங்கியது. எலும்பில் பட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது.

"ஐயோ, அம்மா!"

"இங்கிலீஷ்ல கத்துங்க சார்!"

வாட்ச்மேன் டீச்சரை இழுத்துவந்து படியில் தள்ளினான். மணிக்கட்டு முறிந்தது. வேலையும் போனது. கட்டுப்போட்ட கையோடு கல்வி அதிகாரியிடம் போய் மீண்டும் எழுதிக் கொடுத்தார். எட்டு மாத விசாரணைக்குப் பின் பள்ளியில் அடி நின்றது. தாய்மொழிக்குத் தடை அப்படியே இருந்தது.

இப்போது வீட்டு முன்னறையில் டியூஷன் எடுக்கிறார். தாய்மொழியில் விளக்கித்தான் ஆங்கிலம் சொல்லித் தருகிறார். ஏதாவது பிள்ளை திக்கினால் கை தானாக உயரும். சட்டென்று தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். அந்தச் சிறுமியை அவள் அப்பா அங்கே அனுப்பவில்லை. அனுப்பச் சொல்லி இவரும் கேட்கவில்லை.