நிழலில் வைத்த எரு

எரு கலந்த அன்று வீட்டில் இருந்தவர்கள்: அம்மா. அத்தை, அப்பாவின் தங்கை. பெரியப்பா, அப்பாவின் அண்ணன். கலக்க வரவில்லை, பார்க்க வந்தார். ஏழு வயதில் நான். அப்பா இல்லை. முந்தின வருஷம் தவறிப்போயிருந்தார்.

வன்னியம்பட்டியில் எங்களுக்கு ரெண்டு ஏக்கர், மக்காச்சோளம். அப்பா கடைசியாக எடுத்தது நாற்பத்திரண்டு மூடை. "ஒரு வெள்ளாமை நீ பாரு. அதுல கொறஞ்சா பொறவு நெலத்த நான் பாத்துக்கிடுதேன்" என்று பெரியப்பா அம்மாவிடம் சொல்லியிருந்தார். இது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் வேளாண்மை ஆபீசில் நுண்ணுயிர் உரம் வாங்கி வந்தாள். பொட்டலத்தில் கறுப்புத் தூள். எருவில் கலந்து போட்டால் நாலு மூடை யூரியாவுக்கு மூணு போதும் என்றார்களாம்.

பெரியப்பா முகர்ந்து பார்த்தார்.

"பயிருக்குப் பவுடர் பூசுதியாக்கும். பொட்டு வைக்கலியா?"

"கருது வரட்டும் அத்தான், வைக்கேன்."

உள்ளே என்ன என்று கேட்டேன். உசுரு என்றாள் அம்மா. நான் கால் இருக்கிறதா என்று தேடினேன்.

கலந்து வைத்துவிட்டு அம்மா தண்ணீர் பிடிக்கப் போனாள். எரு ஈரமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஈரமான எதுவும் வெயிலுக்குத்தான் போகும். மிளகாய், வத்தல், துணி. அத்தை அதையும் மொட்டைமாடியில் பரப்பிவிட்டாள். உச்சி வெயில்.

"ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? வெயில் பட்டா அம்புட்டும் செத்துரும்!" குடத்தோடு திரும்பிய அம்மா கத்தினாள்.

"எருவுல உசுரு இருக்குன்னு எனக்கென்ன மதினி தெரியும்?"

"கொட வாங்கிக் குடுங்க அதுக்கு" என்றார் பெரியப்பா. அவர் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பொழுது சாயும்போது புதுப் பொட்டலங்களோடு வந்தாள். மறுபடி கலந்தார்கள். வேப்பமரத்தடியில் வைத்து ஈரச் சாக்கு போட்டு மூடினார்கள். விடிந்ததும் ஈர மண்ணில் தூவினார்கள்.

யூரியா போடும் நாளில் பெரியப்பா வரப்பில் நின்றார்.

"நாலாவது மூடை எங்க?"

"கடையில" என்றாள் அம்மா.

பயிர் கரும்பச்சையாக எழும்பியது. ராஜபாளையம் ரோட்டில் போகிறவர்கள் பைக்கை நிறுத்திப் பார்த்தார்கள்.

தையில் அறுவடை. மெஷின் உதிர்த்துத் தள்ளியது. மூடையை நானே எண்ணுவேன் என்று பெரியப்பா நின்றார். சத்தமாக எண்ணினார். நாற்பது தாண்டியதும் அம்மா கையிலிருந்த சாக்கை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். நாற்பத்திரண்டு. மெஷின் நிற்கவில்லை. நாற்பத்து மூணைப் பெரியப்பா மெதுவாகச் சொன்னார்.

அத்தை குலவை போட்டாள். களமே திரும்பிப் பார்த்தது. அம்மா தலை நிமிர்ந்து நின்றாள், கண்ணில் தண்ணீர். கோயிலில் போடும் குலவையைச் சோளத்துக்கு ஏன் போடுகிறாள், நன்றாக விளைந்ததற்கு அம்மா ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியப்பா எண்ணிக்கொண்டே போனார்.

நாற்பத்தேழு.