வயிற்றில் ப்ராப்ளம்

“...அதோட நிறுத்திராத ட்டீ, நின்னு போயி ஏழு வருசம் ஆச்சுன்னு சொல்லு, இப்ப மூணு மாசமா மறுபடியும் ரத்தமாப் போவுதுன்னு சொல்லு. சேலையெல்லாம் நனையுதுன்னு சொல்லு. ஒண்ணையும் விட்டுராத.”

பெரியம்மா இதைச் சாதாரணக் குரலில்தான் சொன்னாள். டாக்டரின் மேஜைக்கு முன்னால் ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான் நின்றேன். டாக்டருக்குப் பின்னால், டாக்டருக்குப் படிக்கிற பையன்கள் இரண்டு பேர் சுவரில் சாய்ந்திருந்தார்கள். வாசலை மறித்துக்கொண்டு அடுத்தடுத்த நம்பர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர். அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. டில்லி ஆஸ்பத்திரியில் தடுக்கி விழுந்தால் ஒரு மலையாளி நர்ஸ் மேல்தான் விழ வேண்டும் என்பார்கள். அன்றைக்கென்று அப்படி ஒரு முகம்கூடக் கண்ணில் படவில்லை. ஆனாலும் எனக்குக் காது இரண்டும் எரிந்தது. அப்போது நான் ஏழாம் வகுப்பு.

பெரியம்மா என்றால் அம்மாவின் மூத்த அக்கா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போக வந்திருந்தாள். ஆர்.கே.புரத்தில் எங்களுடையது இரண்டு அறை சர்க்கார் குவார்ட்டர்ஸ். எனக்கும் அவளுக்கும் ஒரே கட்டில். பகலில் பால்கனியில் நின்று கறிகாய்க்காரனிடம் தமிழிலேயே பேரம் பேசுவாள். அவன் ஹிந்தியிலேயே பதில் சொல்வான். கடைசியில் கொத்தமல்லிக் கட்டு இவள் சொன்ன விலைக்கே வந்து சேரும். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கு இப்படி, மீசை அப்படி என்று உரக்க விமரிசனம் செய்வாள். “இந்த ஊர்ல எவ்வளவு சௌரியம் பாத்தியா, என்ன பேசினாலும் ஒருத்தனுக்கும் வெளங்காது” என்பாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இந்த அம்மாள் யாரோ எவரோ என்பதுபோல உட்கார்ந்திருப்பேன்.

அந்த சௌகரியத்தை நம்பித்தான் அவள் டில்லியில் டாக்டரைப் பார்க்கத் துணிந்தாள். ஊரில் காட்டினால் ஆஸ்பத்திரி ஆயாவிலிருந்து மருந்துக்கடைக்காரர் வரைக்கும் சொந்தம். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அம்மாவிடம் வயிற்று வலி என்று மட்டும் சொல்லியிருந்தாள். அப்பாவுக்கு லீவு இல்லை. தம்பிக்குக் காய்ச்சல், அம்மா நகர முடியாது. எனக்குத்தான் அந்த வீட்டில் ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. ஆகவே என்னை அனுப்பினார்கள். டில்லித் தமிழ் வீடுகளில் இது வழக்கம்தான். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஸ்டேஷனிலும் போஸ்ட் ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் வாயாக இருப்பது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. ஆறு மணிக்கே போய் வரிசையில் நின்றோம். அந்த வரிசையில்தான் பெரியம்மா என் காதோடு உண்மையைச் சொன்னாள். உலகத்திலேயே நான் ஒருத்திதான் அதைக் கேட்டவள்.

அவள் சொன்னதை எப்படி ஹிந்தியில் சொல்வது? எனக்குத் தெரிந்த ஹிந்தி கோ-கோ ஆடுகிற ஹிந்தி, கோல்கப்பா வண்டிக்காரனிடம் இன்னொன்று கேட்கிற ஹிந்தி. உடம்பைப் பற்றிய ஹிந்தி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உண்மையில், உடம்பைப் பற்றிய தமிழையும் சொல்லித்தரவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் நான் பெரியவளானேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு இரண்டே விஷயம் சொன்னாள். துணியை இப்படி மடிக்கணும் என்பது ஒன்று. “ஸ்கூல்ல யாராவது கேட்டா ஸ்டமக் ப்ராப்ளம்னு சொல்லு” என்பது இன்னொன்று. லீவு லெட்டரிலும் அதையே எழுதினாள். அப்பா நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

இந்த ப்ராப்ளம் என்கிற வார்த்தை இல்லாவிட்டால் எங்கள் குடும்பம் டில்லியில் ஒரு நாள்கூடக் காலம் தள்ளியிருக்காது என்று நினைக்கிறேன். குழாயில் காற்று மட்டும் வந்தால் தண்ணி ப்ராப்ளம். ஸ்கூட்டரைச் சாய்த்துச் சாய்த்து உதைத்தால் ஸ்டார்ட்டிங் ப்ராப்ளம். ஆபீஸுக்கு லேட்டாகப் போனால் அப்பா “வீட்ல கொஞ்சம் ப்ராப்ளம் சார்” என்பார். சிலிண்டர் தீர்ந்ததிலிருந்து சித்தப்பா கோபித்துக்கொண்டு போனது வரை அதற்குள் அடங்கும். மேலதிகாரி மேற்கொண்டு கேட்கமாட்டார், அவர் வீட்டிலும் அது இருந்தது. மாடிவீட்டு சர்தார்ஜி எதைக் கேட்டாலும் “நோ ப்ராப்ளம் ஜி” என்பார். அந்தக் காரியம் நடக்காது என்று அதற்கு அர்த்தம். பள்ளிக்கூடத்தில் “தேரா ப்ராப்ளம் க்யா ஹை”, உனக்கு என்னடா ப்ராப்ளம், என்று ஒருவன் ஆரம்பித்தால் அடுத்த நிமிஷம் இன்னொருவனின் சட்டைப் பொத்தான் தரையில் கிடக்கும். கல்யாணப் பேச்சில் பையனுக்குச் சின்ன ப்ராப்ளம் என்றால் பெண்வீட்டார் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள், என்ன ஏது என்று விசாரிப்பது மரியாதை இல்லை. கணக்கு நோட்டில் வருகிற ப்ராப்ளத்துக்கு மட்டும்தான் புத்தகத்தின் கடைசியில் விடை இருந்தது.

டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன தொந்தரவு என்று ஹிந்தியில் கேட்டார். சுவரோரப் பையன்களில் ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மேல் வீட்டு அண்ணன் ஒருத்தன் சாயல் அவனுக்கு.

“பேட் மே ப்ராப்ளம் ஹை” என்றேன். வயிற்றில் ப்ராப்ளம்.

பெரியம்மா அத்தனை நேரம் மூச்சுப் பிடித்துச் சொன்னதெல்லாம் அதற்குள் போய் ஒளிந்துகொண்டது. வலிக்கிறதா என்று கேட்டார், ஆமாம் என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார், மூன்று மாதம் என்றேன். அதையாவது சரியாகச் சொன்னேன். வேறு ஏதாவது? எனக்கு இப்போதும் அந்தக் கேள்வி கேட்கிறது. அவர் அவசரப்படவில்லை. பேனா சீட்டின் மேல் நின்றது. பெரியம்மா என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பஸ், இத்னா ஹீ” என்றேன். இவ்வளவுதான்.

வயிற்றுப் புண்ணுக்கு இரண்டு மாத்திரை, ஒரு ரோஸ் கலர் மருந்து. காரம் சேர்க்கக் கூடாது, பதினைந்து நாள் கழித்து வரலாம். வெளியே வந்தோம். வராந்தாவில் ஆட்கள் தரையில் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தாண்டித் தாண்டி நடந்தேன். தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதிதான் எனக்கு இருந்தது. அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பெரியம்மாவுக்கு என்ன ஆகும் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. வாசலில் சோளே குல்ச்சா வண்டி நிற்கும், வாங்கித் தருவாளா என்றுதான் நினைத்தேன்.

“எல்லாத்தையும் சொன்னியா ட்டீ?”

“சொன்னேன் பெரியம்மா.”

“சேலை நனையறது?”

“அதுவும்தான்.”

அவள் நின்றுவிட்டாள். சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள், பிறகு நேராக. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். ரத்தத்துக்கு ஹிந்தியில் என்ன என்று கேட்டாள். நானும் யோசிக்காமல் கூன் என்றேன்.

“நீ பேசினதுல அந்தச் சொல்லு வரவே இல்லியே ட்டீ” என்றாள். “ப்ராப்ளம்னுதானே சொன்னே. அது எனக்கே தெரியுமே.”

கோபம் துளியும் இல்லை. கணக்கில் ஒரு பைசா இடிக்கிறதே என்பது போன்ற குரல். நான் சுவரில் ஒட்டியிருந்த ஒரு போஸ்டரைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தேன். என்ன போஸ்டர் என்று இன்றைக்குச் சொல்லத் தெரியாது. பெரியம்மா என்னைப் பெஞ்சில் உட்காரச் சொல்லி, தன் பையை என் மடியில் வைத்தாள். திரும்பிப் போய் வரிசையின் வாலில் நின்றுகொண்டாள்.

நாற்பது பேருக்குப் பின்னால். ஒரு மணி நேரத்துக்கு மேல். மறந்துவிடாமல் இருக்க அவள் வாய்க்குள் கூன், கூன் என்று சொல்லிக்கொண்டே நின்றாள். முன்னால் நின்ற பெண் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றிருக்கலாம். பெஞ்சுக்கும் வரிசைக்கும் பத்தடிகூட இல்லை. போகவில்லை.

அவள் உள்ளே போனதும் கதவு வழியாகப் பார்த்தேன். ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே அடிவயிற்றில் கை வைத்து அந்த ஒரு சொல்லைச் சொன்னாள். மூன்று விரலை நீட்டினாள். சேலைக் கொசுவத்தைப் பிடித்துக் காட்டி, மறுபடியும் அந்தச் சொல். சுவரில் சாய்ந்திருந்த பையன்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து நின்றார்கள். ஒருத்தனும் சிரிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியிலேயே கர்ப்பப்பையை எடுத்தார்கள். இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று லேடி டாக்டர் அம்மாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பெரியம்மா இப்போதும் இருக்கிறாள். போனில் பேசினால் முதலில் என் குழந்தைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்றுதான் கேட்பாள். முதல் தடவை நான் எதைச் சொல்லாமல் விட்டேன் என்பது அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. தெரிவித்திருக்கக்கூடியவள் ஒருத்திதான். அவள் வாயே திறக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வராந்தாவில் கடைசியாக நடந்ததை. டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவராகவே வெளியே வந்தார். பின்னால் பெரியம்மா. என்னைப் பார்த்து, நீதானே கூட வந்தவள், இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் சொல்லவில்லை, இந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு என்று ஹிந்தியில் கேட்டார். குரல் உயர்ந்திருந்தது. தரையில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழ ஆரம்பித்தேன்.

பெரியம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் திட்டு எந்தப் பாஷையில் இருந்தாலும் திட்டுத்தானே. அவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“பச்சப்புள்ள சார் அது. நாந்தான் சொல்லலை. வெக்கப்பட்டுக்கிட்டு அதுகிட்ட நாந்தான் மறைச்சிட்டேன்” என்றாள், நல்ல திருநெல்வேலித் தமிழில்.

டாக்டர் விழித்தார். எனக்கானால் அழுகைக்கு நடுவிலும் எரிச்சல் வந்தது. இவருக்குத் தமிழே தெரியாதே, அந்த வராந்தாவில் என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதே, யாருக்குப் புரியவேண்டும் என்று இதை இவ்வளவு சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்?

அவள் அவர் கையிலிருந்த சீட்டை வாங்கி மடித்துச் சுருக்குப் பையில் போட்டாள். என் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து எழுப்பி, டாக்டர் கைகாட்டிய பெண்கள் பிரிவுக் கட்டடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.