'ங்க' இல்லாத ஒரு சொல்

நேற்றுக் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன், வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்து போனை எடுத்தேன். “அண்ணா, ஒரு நிமிஷம் லைன்ல இருங்க” என்றது ஒரு பெண் குரல். புத்தகத்துக்குப் படம் கேட்டு அழைக்கும் செல்வநாயகிதான் என்று நினைத்து, “வரைஞ்சுக்கிட்டுதான் இருக்கேன் அம்மணி, உசுரை எடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் அழுகை. தொலைபேசி நிலையத்தில் செல்வநாயகிக்குப் பக்கத்து நாற்காலிக்காரரான மும்தாஜ் அது. அழுகையை அடக்கத்தான் லைனில் இருக்கச் சொல்லியிருக்கிறார். “அக்கா போயிட்டாங்கண்ணா” என்றார். நான் சொன்ன அந்த வாக்கியம் இன்னும் என் காதிலேயே நிற்கிறது.

குழந்தை எழுத்தாளர் மறைவு என்று பத்திரிகையில் மூன்று வரி போட்டிருந்தார்கள். செல்வநாயகி உயிரோடு இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். “பொம்மைக் கதை சலிச்சுப்போச்சு, பெரியவங்க கதை இன்னும் புடிபடல. அந்த ரெண்டுங்கெட்டான் வயசுக்குத்தானுங்ணா நான் எழுதறேன். பெரியவங்க பொய் சொன்னாப் பொறுத்துக்குவாங்க. இதுக பொறுத்துக்காதுங்க” என்பார். விடிந்ததும் எழுதுவார். பிறகு டிபன் டப்பாவோடு பஸ் ஏறி வேலைக்குப் போய், காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். லைன் கிடைக்கவில்லை என்று எரிந்து விழுகிறவனுக்கும் 'ங்க' போட்டுத்தான் பதில் வரும். கோவைக்காரர்கள் எல்லோரும் மரியாதைக்காரர்கள்தான் என்றாலும் இவர் கொஞ்சம் அதிகம்.

அவருடைய முதல் நாவலுக்குப் படம் போட ஒரு நண்பர் மூலம் என்னைத் தேடி வந்தார். தொண்டாமுத்தூரிலிருந்து விண்கலத்தில் போகும் மலர் என்ற பெண்ணும், கூடவே போகும் சின்னு என்ற பேசும் இயந்திரமும்தான் கதை. நான் சினிமாவில் பார்த்த மாதிரி, தலையில் கொம்பு முளைத்த ஒரு தகர மனிதனை வரைந்து நீட்டினேன். “இவரு யாருங்ணா? நம்மூர்ல இவரை நான் பாத்ததில்லீங்களே. சின்னு கிரைண்டராட்ட இருக்கட்டுங்க” என்றார். கிரைண்டரையே வரைந்து, கை வைத்துக் கொடுத்தேன். அடுத்து மலரைப் பார்த்தார். “சடை தொங்குதுங்ணா. அங்க எடையே கிடையாது, தொங்காதுங்க.” எடையில்லாத சடையை எப்படி வரைவது என்று தெரியாமல் ஒரு வாரம் முழித்தேன். எனக்குக் கோபம் வராமலில்லை. ஆனால் அந்த மிதக்கிற சடையைத்தான் பள்ளிப் பெண்கள் பிறகு நோட்டு அட்டைகளில் எல்லாம் வரைந்துகொண்டு திரிந்தார்கள்.

அந்தப் புத்தகம் வெளிவராமலே போயிருக்க வேண்டியது. சென்னையிலிருந்து பதிப்பாளர் வந்து, ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் எங்கள் இருவரையும் சந்தித்தார். “கதை பிரமாதம் மேடம். இந்த 'ங்க' மட்டும் வேண்டாமே. எதிர்காலத்துல ஒரு மெஷின் போய் 'வாங்க கண்ணு, சாப்பிடுங்க கண்ணு'ன்னா பேசும்? படிக்கிறவன் சிரிப்பான். சுத்தமான தமிழ்ல மாத்திடலாம்.”

செல்வநாயகி குரலை உயர்த்தவில்லை. “சிரிக்கட்டுங்க. கடைசில கலத்துல தீப்பிடிக்கறப்ப சின்னு மலரைப் பாத்து 'ஓடு!'ன்னு கத்துதுங்களே, அந்த ஒரு எடத்துலதான் 'ங்க' இல்லீங்க. நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப எங்க தோட்டத்துக்குள்ள யானை வந்துதுங்க. அதுவரைக்கும் எங்கப்பா என்னைய வா, போன்னு சொன்னதே இல்லீங்க. அன்னைக்கு 'ஓடு!'ன்னாரு. யானையப் பாத்து எனக்குப் பயமில்லீங்க, அந்த 'ஓடு'க்குத்தான் ஓடினேன். மத்த எடத்துல எல்லாம் 'ங்க'வை எடுத்துட்டீங்கன்னா, அந்தச் சொல்லு செத்துப்போயிருங்க.”

“ஒரு 'ங்க'வுக்காகப் புத்தகத்தையே விட்டுடுவீங்களா?” என்று கேட்டார் அவர்.

கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “காபி ஆறுதுங்க, குடிங்க” என்றார் செல்வநாயகி. வேறு பதிப்பாளர் யாரும் அப்போது கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை. கிளம்பும்போது, “அடுத்த வாட்டி ஊட்டிக்குப் போறப்ப மேட்டுப்பாளையத்துல ஒரு அரை மணி நேரம் எறங்குங்க. முடிவை அப்பறம் சொல்லுங்க” என்று மட்டும் பதிப்பாளரிடம் சொன்னார்.

மனிதர் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனபோது நிஜமாகவே இறங்கினார். மேட்டுப்பாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளி. செல்வநாயகி கதையின் கடைசிப் பகுதியை வாசிக்க, நாங்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்தோம். சின்னு பேசப் பேசப் பெண்கள் சிரித்தார்கள். பதிப்பாளர் என்னைப் பார்த்து, “நான் சொல்லல?” என்றார். சிரிப்பு அடங்கி, கதை அவர்களைப் பிடித்துக்கொண்டது. தீ பரவுகிற இடம் வந்தது. 'ஓடு!' என்றார் செல்வநாயகி. முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தே நின்றுவிட்டாள். பதிப்பாளர் கையிலிருந்த டீ அவருடைய வெள்ளைப் பேண்டில் கொட்டியிருந்தது. “அப்படியே போட்டுடலாம் மேடம்” என்றார், பேண்டைத் துடைத்துக்கொண்டே. ஒரு 'ங்க' குறையாமல் புத்தகம் வந்தது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. கடைசி நாவலை முடித்துவிட்டார். இனி அட்டைகளைக் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்ளலாம் என்று பதிப்பகத்தில் முடிவெடுத்திருந்தார்கள். நானும் ரோஷத்தில் தூரிகைகளைக் கழுவிப் பரண்மேல் போட்டிருந்தேன். “உங்க படம் இல்லாமப் புத்தகம் இல்லீன்னு அவங்ககிட்டச் சொல்லிப்போட்டேனுங்ணா. நீங்கதான் வரையோணும்” என்றார். நான் என் புராணத்தை ஆரம்பித்தேன். கண் தெரியவில்லை, காலம் மாறிவிட்டது, கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தலையணையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“வரை” என்றார்.

பக்கத்தில் இருந்த மும்தாஜ் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் செல்வநாயகியிடமிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து, ஸ்டூல் போட்டுப் பரண்மேல் ஏறினேன்.

மயானத்திலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு, இன்று மறுபடியும் மேசைக்கு வந்திருக்கிறேன். படம் பாதி முடிந்திருக்கிறது. சடை இந்த முறையும் சரியாக வரவில்லை, வரும்வரை விடப்போவதில்லை. அவரோடு பழகிய உங்கள் எல்லோரிடமும் அவர் சொன்ன ஆயிரம் 'ங்க'க்கள் இருக்கும். அவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 'ங்க' இல்லாத அந்த ஒரு சொல் என்னுடையது.

வரைஞ்சுக்கிட்டுதான் இருக்கேன், அம்மணி.