இரண்டு வரிகளுக்கு இடையில்

ஆவி, பேய் என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். கொம்பியூட்டர் படித்தவர் நீங்கள், இதையும் கேட்டுவிட்டு வயர் பிழை, கரண்ட் பிழை என்பீர்கள். சொல்லுங்கள், நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கிளிநொச்சியில் வெளிநாட்டுக் காசில் நடந்த ஒரு நீர்ப்பாசனத் திட்டக் கந்தோர். அங்கே குளிரூட்டின சின்ன அறைக்குள் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. அதை இயக்க இரண்டு பேர், நானும் மாலினியும். கொழும்பில் ஒன்றாகத்தான் வேலை பழகிவிட்டு வந்தோம். கமக்காரரின் காணிகளை வாய்க்கால்வாரியாக வரிசைப்படுத்தி, யாருக்கு எப்போது தண்ணீர் என்று கணக்குப் போடுவதுதான் வேலை. அதற்கான புரோகிராமை இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம்.

ஆனால் மாலினி போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே முடிந்துவிடும். நான் போட்டால் பின்னேரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டியிருக்கும். அதே மெஷின், அதே பிளொப்பி, அதே காணிகள். இரண்டு பேரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"என்ன பிள்ளை செல்வராணி, மாலினியின்ர கை பட்டால் மட்டும் பறக்குது?" என்று எஞ்சினியர் சேர் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். எனக்குக் காது சுட்டது. அவளுக்கு எல்லாம் அப்படித்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி வயல் செய்து முன்னுக்கு வந்த குடும்பம், கல்வீடு, நல்ல சைக்கிள். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலைநாட்டை விட்டு வந்து, காட்டை வெட்டிக் கொட்டில் போட்ட வீட்டுப் பிள்ளை நான். மெஷின்கூடவா ஆள் பார்க்கும் என்று எரிந்துகொண்டிருந்தேன்.

எங்கே நேரம் போகிறதென்று பிடித்துக் காட்டினால்தான் என் பெயர் மீளும். அதனால் புரோகிராமுக்குள் புது வரிகள் சேர்த்தேன். ஒவ்வொரு வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் மெஷினின் மணிக்கூட்டைப் பார்த்து, இடையில் போன நேரத்தைத் திரையில் காட்டும்படி. வாசிப்பதிலும் கணக்கிலும் இரண்டு பேருக்கும் ஒரே நேரம். வரிசைப்படுத்துவதில்தான் எனக்கு இழுத்தது. அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்குத் துண்டு நேரம் பார்த்தேன். கடைசியில் எங்கே வந்து நின்றது தெரியுமா? அடுத்தடுத்து இருந்த இரண்டு வரிகளுக்கு நடுவில். ஒரு வேலை முடிந்தது என்று சொல்கிற வரி, அடுத்தது தொடங்குகிறது என்று சொல்கிற வரி. நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் என் பின்னேரம் முழுவதும் போய்க்கொண்டிருந்தது.

முதல் வரி விழுந்து, இரண்டாவதுக்காக நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, மாலினி தேத்தண்ணியோடு கதவைத் திறந்து உள்ளே வந்தாள். இரண்டாவது வரி விழுந்தது.

"மாலினி, ஒருக்கால் வெளியில போய் நில்லும்" என்று சொல்லித் திரும்பவும் ஓடவிட்டேன். நின்றது. "இப்ப வாரும்." ஓடியது. எத்தனை தரம் செய்து பார்த்தாலும் அப்படியேதான். அவள் வெளியில் நிற்கிற நேரம் எவ்வளவோ, அவ்வளவு நேரம் அந்த இடைவெளி. அவள் முதலிலேயே அறைக்குள் இருந்தால் இடைவெளி பூச்சியம்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுக்கு என்னில விருப்பம் போல."

சேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கரண்ட் ஏறி இறங்குது பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் மாலினியை நிரந்தரமாக்கினார்கள்.

அவள் அதிக நாள் இருக்கவில்லை. நாட்டு நிலைமை கெட்டுக்கொண்டு வந்தது. தம்பியோடு கடலால் இந்தியாவுக்கு அனுப்புவதென்று வீட்டில் முடிவெடுத்துவிட்டார்கள். போகிற அன்று என் கையைப் பிடித்து, "இனி மெஷின் உமக்குத்தான்" என்றாள். அதையும் அவளே தானம் தருகிற மாதிரி.

அவள் போன பிறகு பழைய புரோகிராம் அந்த இடத்தில் நின்றால் நின்றதுதான். நாள் முழுக்க விட்டுப் பார்த்தும் அசையவில்லை. நான் வேறு முறையில் புதிதாக ஒன்று எழுதினேன், அது நன்றாக ஓடியது. சேர் பாராட்டினார், வேலையும் எனக்குக் கிடைத்தது. ஆனாலும் சும்மா இருக்கிற நேரங்களில் பழைய பிளொப்பியைப் போட்டு, அது காத்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பேன். நில், உனக்கு அவள் வரமாட்டாள் என்று மனதுக்குள் சொல்வேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய் அப்படித்தான் போட்டேன். சேர் குளம் பார்க்கப் போயிருந்தார். அறையில் நான் மட்டும்தான். நம்பினால் நம்புங்கள், அது நிற்கவேயில்லை. கடகடவென்று கடைசி வரைக்கும் ஓடியது. அந்த இடைவெளிக்கு நேரே பூச்சியம்.

எனக்கு விளங்கியது. பூச்சியம் என்றால் நான் வருவதற்கு முன்னமே அவள் அறைக்குள் இருந்திருக்க வேண்டும்.

பயம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வயிறு எரிந்தது. அக்கரைக்குப் போயும் இதை விடமாட்டாளா? பின்னால் அவள் வழக்கமாக இருக்கிற கதிரைப் பக்கம் திரும்பாமலே, "மாலினி, இது இப்ப என்ர வேலை" என்றேன், சத்தமாகவே.

திரும்பவும் ஓடவிட்டேன். அந்த இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு எத்தனை தரம் போட்டும் நின்றதுதான்.

இரண்டு கிழமைக்குப் பிறகுதான் செய்தி வந்தது. அவர்கள் போன வள்ளம் அக்கரை சேரவேயில்லையாம். எந்த நாள், எந்த இடம், ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருக்கக்கூடியவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

மாலினியின் அம்மா நம்பவில்லை. எங்கோ ஒரு முகாமில் பிள்ளைகள் இருப்பதாகவே கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தா. என்னைக் காணும்போதெல்லாம் கேட்பா: "உன்னட்ட ஏதும் சொன்னவளோ பிள்ளை?"

"இல்லையம்மா" என்பேன். அது பொய்யில்லை. அன்றைக்கு அந்த அறையில் கதைத்தது நான் மட்டும்தான்.