இடது பக்கத்து வெட்டு

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குத் தபால்காரர் என்று பெயர். கடிதம் கொடுத்ததில்லை, எட்டு வருடமாகச் சுமந்ததெல்லாம் ஹார்ட் டிஸ்க். ஓர் எலியின் மூளையைத் தாள் தாளாகச் சீவி நுண்ணோக்கியில் எடுத்த படங்கள் முப்பது டிஸ்க்கை நிரப்பும். அவற்றைக் கறுப்புப் பையில் போட்டு ஆறு ஊர் ஆராய்ச்சிக்கூடங்களுக்கும் கொண்டுபோவார். போன இடத்தில் நாலாவது டிஸ்க் வாயைத் திறக்காது. மறுபடியும் ரயில்.

தோள்பட்டை கெஞ்ச ஆரம்பித்த பிறகுதான் யோசனை வந்தது. படம் தூரத்து சர்வரிலேயே இருக்கட்டும். சர்க்கரைக்கட்டி மாதிரி நறுக்கி வைத்தால், பார்க்கிறவர் எந்த மூலையைப் பார்க்கிறாரோ அந்தக் கட்டிகள் மட்டும் வந்தால் போதுமே? எட்ட நின்றால் மங்கலாக, கிட்டே போனால் துலக்கமாக. மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்து முடித்தார். இன்று மூன்று மணிக்கு இயக்குநர் அம்மா பார்க்கப்போகிறார். பிடித்தால் பைக்கு ஓய்வு. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை ரயிலில் முப்பது டிஸ்க்.

சோதனைக்கு அவர் எப்போதும் பிடிப்பது அக்காவை. அக்கா தையல்காரி. பழைய போன், கடையில் சிக்னல் வந்தால் உண்டு. அதில் ஓடினால் எதிலும் ஓடும். ஒரு மணிக்கு இணைப்பை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"ஓடுதாக்கா?"

"ஜோரா ஓடுது. இழுக்க இழுக்க உள்ள போயிட்டே இருக்கு. அளவு குடுக்க வந்தவரு சட்டையை மறந்துட்டு எலியைப் பார்த்துட்டு நிக்கிறாரு. ஏன்டா, வெட்டு வலது பக்கம்தானே போடுவீங்க?"

"ஆமா. வலம் இடம் குழம்பிடக்கூடாதுன்னு சீவறதுக்கு முன்னாடியே ஓரத்துல ஒரு சின்ன வெட்டு. நீங்க துணியில போடற மாதிரி."

"மேலேருந்து பார்க்கறேன், மூக்குப் பக்கம் முன்னாடி இருக்கு, வெட்டு இடது பக்கம் இருக்கு. துணியைத் திருப்பிப் போட்டுத் தச்சிட்டியா?"

அவர் தாள்களை அடுக்கிய வரிசையைத் திறந்து பார்த்தார். வலதுகோடியிலிருந்து சீவிய தாள்களை இடதுகோடியிலிருந்து அடுக்கியிருக்கிறார். மூளையே கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிவிட்டது. உள்ளே நரம்பு நரம்பாகப் பார்த்த மனிதர் ஓரத்தைப் பார்க்கவேயில்லை. மறுபடி நறுக்க நாலு நாள் ஆகும். இருப்பதோ இரண்டு மணி நேரம்.

நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை மின்னியது. கட்டிகளைத் தொடவே வேண்டாம். எந்தத் திசையில் அடுக்கிக் காட்டுவது என்று சொல்லும் சின்னக் குறிப்புக் கோப்பு ஒன்று உண்டு. அதில் ஓர் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டார்.

"மூடிட்டுத் திற, அக்கா."

"வாயையா?... ஆங், வெட்டு வலது பக்கம் வந்துடுச்சுடா!"

மூன்று மணிக்கு இயக்குநர் அம்மா எலி மூளைக்குள் நன்றாகச் சுற்றி வந்தார். "நல்லாத்தான் இருக்கு தபால்காரரே. தப்பு ஏதும் வராதே?"

பேசாமல் இருந்திருக்கலாம். "ஒரு மணி வரைக்கும் இடம் வலமா இருந்ததும்மா."

"யாரு கண்டுபிடிச்சா?"

"எங்கக்கா. தையல்கடை வச்சிருக்காங்க."

அந்த அம்மா கேட்டார். "இதையே டிஸ்க்ல குடுத்து விட்டிருந்தா?"

"ஆறு ஊர்லயும் தப்பாவே இருந்திருக்கும். ஒவ்வொரு ஊராப் போய் மாத்தணும். இப்போ ஒரே இடத்துல மாத்தினேன், எல்லாருக்கும் மாறிடுச்சு."

"அப்போ திங்கட்கிழமை டிக்கெட்டை ரத்து பண்ணிடுங்க."

சாயங்காலம் பையை அக்கா கடையில் இறக்கினார். "துணி போட்டு வச்சுக்கோக்கா."

அக்கா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "ஜிப்பைத் தலைகீழா வச்சுத் தச்சிருக்கான். எட்டு வருஷம் சுமந்தியே, பார்க்கலியாடா?"