பதினான்காம் எண் வந்திருக்கிறாள்

நெவ்ரியேயை மாலைப் பள்ளியில் சேர்த்துக்கொண்ட அன்றைக்கே, இனிமேல் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் தலைமையாசிரியை கஞ்சேவா. விரட்டவில்லை. உட்காரவைத்து, காபி கொடுத்து, பேனாவையும் திறந்து கையில் கொடுத்துத்தான் சொன்னார்.

"இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒண்ணு. அவ்வளவுதாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஜூன்ல வந்து பத்தாவது சர்டிஃபிகேட்டை வாங்கிக்கோங்க. லேத் பயிற்சிக்கும் சேர்த்தே குடுத்துடறோம்."

"பாடம் எத்தனை மணிக்கு மேடம்?"

"ஆறு மணின்னு காகிதத்துல இருக்கும்."

"அப்ப ஆறு மணிக்கு வந்துடறேன்."

கஞ்சேவா சிரித்தார். "எதுக்குங்க அலைச்சல்? வேலை, வீடு, சமையல்னு ஆயிரம் இருக்கும் உங்களுக்கு. யாரும் வரதில்ல. பாதிப் பேர் ஜெர்மனியில சுவருக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருக்காங்க. அவங்களும் பாஸாகத்தான் போறாங்க."

விஷயம் இதுதான். பல்கேரிய அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் அனுப்புகிறது. மாலை வகுப்பில் பதினெட்டுத் தலை இருந்தால் வகுப்பு நடக்கும். ஒன்று குறைந்தால் மூடிவிடுவார்கள். அதனால் ஆகஸ்ட் மாதம் முழுக்க ஆசிரியர்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெயர் சேர்த்தார்கள். யாரும் கூப்பிடாமல், தானே தேடி வந்து நின்றவள் நெவ்ரியே ஒருத்திதான். பதினெட்டாவது தலை அவளுடையது. அகர வரிசையில் அவளுக்குப் பதினான்காம் எண் விழுந்தது.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. ஊர் எல்லையில் உள்ள ஹைட்ராலிக் சிலிண்டர் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாகக் கட்டுகிற வேலை. கடைந்து வரும் உருளைகளைத் துடைத்து, எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்க வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் லேத்துகள் நின்றன. அங்கே சம்பளம் ஒன்றரை மடங்கு. அது ஒரு காரணம்தான். எந்த உருளை சரியில்லை என்று கையில் எடுத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். ஏன் சரியில்லை என்பது மட்டும் தெரியாது. பதினோரு வருஷமாக அது அவளை அரித்துக்கொண்டிருந்தது. லேத்தில் நிற்கப் பத்தாவது தேற வேண்டும், பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். அவள் எட்டாவதோடு நின்றவள்.

போன வசந்தத்தில் ஒருவன் இரண்டு சான்றிதழ்களோடும் வந்து லேத்தில் நின்றான். உருளையின் அளவுகள் குறித்த வரைபடத்தைப் படிக்கத் தெரியவில்லை. ஒரே வாரத்தில் நாற்பது உருளைகளைக் குப்பையாக்கினான்; வெள்ளிக்கிழமையன்று சுட்டுவிரல் நுனியையும் விட்டான். ஓடிப்போய் அந்தக் கையைத் துணியால் சுற்றியவள் நெவ்ரியேதான். சுற்றுவதுதானே அவள் வேலை.

அதனால் திங்களும் புதனும் ஷிஃப்ட் முடிந்து நேராகப் பள்ளிக்கூடம் போனாள். இரண்டாம் மாடியில் வகுப்பறை பூட்டிக் கிடந்தது. வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து, எங்கோ தேடிப்பிடித்த பழைய ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வாள். ஏழேகால்வரை பார்ப்பாள். மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. மூடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

நாத்தனார் குல்த்தெனும் தொழிற்சாலையில் அவளோடு ஒரே மேசையில் கட்டுகிறவள். அவளுக்கு நல்ல தீனி கிடைத்துவிட்டது.

"என்ன அண்ணி, நேத்து என்ன பாடம்? பூட்டா, சாவியா?"

"பூட்டு முடிஞ்சுதுடி. அடுத்த வாரம் கதவு."

"பரீட்சைக்கு வராந்தாவைப் பத்தியும் கேப்பாங்களாம், நல்லாப் பாத்து வெச்சுக்கோ."

புருஷன் ருஃபாத் கொத்துவேலைக்காரன். அவன் கேலி பேசவில்லை, எரிந்து விழுந்தான்.

"காகிதம் சும்மா வருது. ஊரே வாங்கி வெச்சிருக்கு. உனக்கு மட்டும் என்ன வீம்பு?"

"வீம்புதான். அந்தக் காகிதமா வந்து லேத் ஓட்டும்? ஏட்டுச் சுரைக்காயை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"நாப்பத்திரெண்டு வயசுல..."

"அதான் சொல்றேன். நாப்பத்திமூணு ஆகறதுக்குள்ள ஆரம்பிக்கணும்."

நவம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் விளக்கு எரிந்தது. கதவு பாதி திறந்திருந்தது. கணக்கும் இயந்திர வரைபடமும் சொல்லித்தர வேண்டிய வெலிச்கோவ் உள்ளே உட்கார்ந்து மாலை வகுப்புப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தார். முன்னால் மூன்று பேனாக்கள். இரண்டு வரி ஒன்றில் எழுதுவார், அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். ஒரே மூச்சில் எழுதும் ஒரு மாதம் பல நாள் எழுதியதுபோல் தெரிய வேண்டுமே. பக்கத்துத் தட்டில் பாலாடைக்கட்டி ரொட்டி ஒரு கடியோடு காத்திருந்தது.

நெவ்ரியே உள்ளே போனாள்.

"வணக்கம் சார். பதினாலாம் நம்பர் நான்தான். எனக்கு என்ன எழுதியிருக்கீங்கன்னு பாக்கலாமா?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதிவேட்டை மூடியிருக்கலாம். ஏனோ மூடவில்லை. "நல்லாத்தாங்க போட்டிருக்கேன். பாருங்க, கணக்குல அஞ்சு."

ஆறுக்கு ஐந்து. மூன்றாம் பக்கத்தைத் தாண்டாதவளுக்கு! அவள் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். வராதவர்களின் எண்ணை எழுதும் கட்டம் ஒவ்வொரு நாளும் காலியாக இருந்தது. பன்னிரண்டாம் தேதியில் விரல் நின்றது.

"அன்னைக்கு நான் வந்தேனா சார்?"

"வந்ததாத்தான்..."

"அன்னைக்கு நான் துருக்கியில, பூர்சாவுல, எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துல ஆடிட்டிருந்தேன். வேணும்னா வீடியோ காட்டறேன். பச்சை முக்காட்டுல முன்னால நிக்கிறது நான்தான்."

வெலிச்கோவ் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

அவள் பார்வை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. மனம் வேறொரு பதிவேட்டில் இருந்தது. அப்போது அவள் நாலாம் வகுப்பு. எண்பத்தைந்து ஜனவரி. துருக்கியர்கள் எல்லாருக்கும் பல்கேரியப் பெயர் வைத்தாக வேண்டும் என்று சர்க்கார் பிடிவாதமாக நின்ற குளிர்காலம். ஊர் முனையில் ராணுவ வண்டிகள் நின்றன. திங்கட்கிழமை டீச்சர் புதுப் பதிவேட்டைத் திறந்து, "நெவேனா" என்று கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் நெவ்ரியேயைப் பார்த்தபடியே மறுபடி கூப்பிட்டாள். முதல் பெஞ்சில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை 'வரவில்லை' என்று எழுதினாள். பதினொரு நாள் அப்படி எழுதினாள். பத்தாம் நாள் அப்பாவை நகராட்சிக்கு வரச்சொன்னார்கள். திரும்பி வந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா தொடையில் கிள்ளி, "எந்திரிச்சு நின்னு தொலையேன்டி" என்றாள். பன்னிரண்டாம் நாள் நெவ்ரியே எழுந்து நின்றாள்.

எழுந்து நின்றதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அதன்பின் எட்டாவது முடித்த கையோடு குடும்பமே எல்லை தாண்டித் துருக்கிக்குப் போனது. வருஷம் திரும்புமுன் திரும்பி வந்தது. கோர்ட்டில் காகிதம் கொடுத்துப் பெயரையும் திரும்ப வாங்கினார்கள். புகையிலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று காலம் ஓடியது. பள்ளிக்கூடம் மட்டும் திரும்பி வரவில்லை.

"சார், இந்தக் கட்டத்துல பதினாலுன்னு எழுதுங்க. நான் வரலைன்னு."

"எதுக்கும்மா..."

"ஒரு தடவை நான் கிளாஸ்ல உக்காந்திருக்கேன், வரலைன்னு எழுதினாங்க. இப்ப நான் ஊர்லயே இல்ல, வந்தேன்னு எழுதறீங்க. நான் இருக்கேனா இல்லையான்னு நான் சொல்றேன். நீங்க கேட்டு எழுதுங்க."

சத்தம் கேட்டு எதிர் அறையிலிருந்து கஞ்சேவா வந்தார். கதை முழுவதையும் நின்றபடியே கேட்டார். இந்தமுறை காபி இல்லை.

"ஏங்க, உங்களுக்கு நல்லது பண்ணினா வம்புக்கு வரீங்க? ஸ்கூல் இன்ஸ்பெக்டருக்குப் பெட்டிஷன் போடப் போறீங்களா?"

"எனக்கு எழுத வேண்டியது கணக்கு மேடம். பெட்டிஷன் இல்ல."

"யோசிச்சுப் பேசுங்க. பகல்ல இங்க படிக்கிறது உங்க ஜனங்க பிள்ளைங்கதான். இந்த மாலை வகுப்புக் காசுலதான் அதுங்களுக்கு விறகு வாங்கறேன். என் வீட்டுக்கா கொண்டுபோறேன்?"

அது பொய்யில்லை, நெவ்ரியேக்கும் தெரியும். கஞ்சேவாவின் ஷூ இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டது என்பதை முதல் நாளே பார்த்திருந்தாள்.

"விறகு எரியட்டும் மேடம். எனக்கும் அதுக்குப் பக்கத்துல ஒரு இடம் குடுங்க."

"ஒருத்திக்காக ரெண்டு மணி நேரம் அடுப்பு மூட்டி, லைட் போட்டு, இவரை உக்காரவெக்க முடியாது. உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லுங்க, பேரை அடிச்சுடறேன்."

"அடிங்க."

கஞ்சேவா பேனாவை எடுத்தார். நெவ்ரியே கைகட்டி நின்றாள்.

"அடிச்சுட்டு எண்ணிப் பாருங்க மேடம். பதினேழு வரும்."

வெலிச்கோவ் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சேவாவின் பேனா பதினான்காம் வரிக்கு மேல் அந்தரத்தில் நின்றது. அப்புறம் மெல்ல மூடிக்குள் போனது.

"மிரட்டறீங்களா?"

"இல்ல. என் பேரு உங்களுக்கு வேணும், உங்க பாடம் எனக்கு வேணும். பேரைக் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. பாடத்தைத்தான் இன்னும் காணோம்."

கஞ்சேவா வெலிச்கோவைப் பார்த்தார். "புதன்கிழமை சாவியை வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, கதவைச் சற்றுப் பலமாகவே சாத்திக்கொண்டு போனார்.

புதன்கிழமை அறை திறந்திருந்தது. அடுப்பு அரைகுறையாகப் புகைந்தது. வெலிச்கோவ் கரும்பலகைக்கு முன் வெறுங்கையோடு நின்றார்.

"சாக்பீஸ் இல்லைங்க. நாளைக்கு..."

நெவ்ரியே பையிலிருந்து, தொழிற்சாலையில் இரும்பில் குறிபோடும் தடித்த சாக்கட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் அதை எடுத்துக்கொண்டு பலகைப்பக்கம் திரும்பினார்.

"சார், பேர் கூப்பிடலையே?"

"இருக்கிறது நீங்க ஒருத்தர்தானேம்மா!"

"பரவால்ல. கூப்பிடுங்க."

அவர் பெருமூச்சுவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். ஒன்றாம் எண் பெயரைப் படித்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்தார். குறித்துக்கொண்டார். இரண்டு, மூன்று, நான்கு. ஏழாம் எண்ணைக் கூப்பிட்டபோது நெவ்ரியே, "அவன் ஜெர்மனியில ஷ்டுட்கார்ட்ல சார், எங்க தெரு" என்றாள். அவருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பதினான்கு வந்தது.

"நெவ்ரியே."

எழுந்து நின்றாள். "இருக்கேன்."

அன்றைய பாடம் தசமப் புள்ளி. பலகையில் 0.05 என்றும் 0.1 என்றும் எழுதி, எது பெரிசு என்று கேட்டார். ஐந்து பெரிசு என்றாள். அவர் அதட்டவில்லை. தன் பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்துக் கொடுத்தார். முக்காட்டுக்குள் விரலைவிட்டு ஒரு முடியைப் பிடுங்கி காலிப்பரின் வாயில் வைத்து அளந்தாள். கிட்டத்தட்ட 0.05 மில்லிமீட்டர். மூன்று முடியைச் சேர்த்து வைத்தாள், 0.1-ஐத் தாண்டியது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்து நாற்பது குப்பை உருளைகளும் அந்தக் கணத்தில் அவளுக்கு விளங்கிவிட்டன; அவனும் இந்தப் புள்ளியை இப்படித்தான் தப்பாகப் படித்திருக்கிறான்.

"முடியளவு தப்புக்கா சார், எங்க லேத்துல நின்னவனுக்கு விரல் போச்சு?"

"முடியளவு தப்பைக் கையால சரிபண்ணப் போயிருப்பான்."

இரண்டு வருஷம் அப்படியே போனது. புகையிலையைக் கயிற்றில் கோத்துக் காயப்போடும் நாட்களில் கைப்பிசினோடு வந்து உட்கார்ந்தாள். பின்மாலை ஷிஃப்ட் விழுந்த வாரங்களில் வர முடியவில்லை. அந்த நாட்களில் பதினான்கு என்று கட்டத்தில் எழுதியிருக்கிறாரா என்று அடுத்த வாரம் பார்த்துக்கொண்டாள். அந்த ஐந்தை அடிக்கச்சொல்லி, பரீட்சை எழுதி இரண்டு வாங்கினாள். இரண்டென்றால் தேறவில்லை. மறுபடி எழுதினாள். ருஃபாத் சொந்தமாக முட்டைப்பொரியல் செய்யக் கற்றுக்கொண்டான். உப்புதான் கடைசிவரை பிடிபடவில்லை. இரண்டாம் வருஷம் ஒருநாள் குல்த்தென் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி, பூட்டைப் பாக்க வந்தியா?"

"சும்மா இரு அண்ணி. வீட்ல குளிருது, இங்க அடுப்பு எரியுது."

ஆனாலும் நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தாள்.

ஜூன் மாதம் சான்றிதழை நீட்டும்போது கஞ்சேவா அவள் கண்ணைப் பார்த்தார். "வேணும்னா கணக்கை நாலாக்கித் தரேன். யாருக்கும் நஷ்டமில்ல."

"மூணே இருக்கட்டும் மேடம். அதுக்குத்தான் ரெண்டு வருஷம் ஆச்சு."

லேத் பிரிவு ஃபோர்மேன் ஸ்தாமெனின் மேசையில் அந்தப் பள்ளியின் சான்றிதழ்கள் நாலைந்து கிடந்தன. ஜெர்மனியிலிருந்து திரும்பியவர்கள் கொடுத்தவை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நெவ்ரியேயுடையதை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இது என்னம்மா அதிசயம்? அந்த ஸ்கூல்லேர்ந்து வந்த எல்லாருக்கும் கணக்குல அஞ்சு. உனக்கு மட்டும் ஏன் மூணு?"

"நான் மட்டும்தான் சார் கிளாஸுக்குப் போனேன்."

ஸ்தாமென் மற்றச் சான்றிதழ்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு வரைபடத்தையும் கடைந்த உருளை ஒன்றையும் எடுத்து அவள் முன் வைத்தார்.

அவள் வரைபடத்தை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்தாள். பிறகு கையை நீட்டி, "காலிப்பர் குடுங்க" என்றாள்.