ஆமணக்குப் பிண்ணாக்கு

எங்கள் குடும்பத்தில் நான் மாட்டைக் கொன்றவள். கல்யாண வீடோ அறுப்புப் பண்டிகைச் சாப்பாடோ, நாலு பேர் கூடினால் போதும், யாராவது அதை எடுத்துவிடுவார்கள். "இவ கலக்கித் தாற ஒண்ணையும் குடிச்சிராதீங்க, கேட்டியளா" என்பார் சித்தப்பா. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நெய்யாற்றின்கரையில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். சீட்டில் எழுதியிருப்பதை மூன்று தடவை வாசிக்காமல் ஒரு மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்க மாட்டேன். முதலாளிக்கு அதில் ஏகப் பெருமை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா வெள்ளறடை ஸ்டாண்டில் டீசல் ஆட்டோ ஓட்டினார். வீடு, விளை, வண்டி எல்லாம் அப்பா பெயரில். அம்மாவுக்கென்று இந்த உலகத்தில் இருந்தவை இரண்டு. ஒன்று ராணி என்கிற சிவப்புப் பசு. இன்னொன்று அவளுடைய தம்பி, என் மாமா. மாமாவுக்கு நாலு வயதாக இருக்கும்போதே அவர்களைப் பெற்றவள் போய்விட்டாள். அம்மாதான் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சீதனத்தில் பாதி இவனாக்கும் என்று அப்பா சொல்வார். முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம்.

மாமா பாறசாலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் வேலை பார்த்தார். கைராசிக்காரர். செத்துக் கிடக்கும் பம்புசெட்டைக் காதை வைத்துக் கேட்டே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படியே இருந்திருக்கலாம். டீ குடிக்கப் போன இடத்தில், ஆமணக்கு எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கலாம் என்று பேப்பரில் எவனோ எழுதியிருந்ததை வாசித்துவிட்டார். அன்றோடு பிடித்தது சனியன்.

அப்பாவின் கீழ்விளையில் ரப்பரை வெட்டிவிட்டு மறு நடவுக்குக் காத்திருந்தோம். அம்மா அழுது கெஞ்சி அந்த விளையைத் தம்பிக்கு ஒரு வருஷத்துக்கு வாங்கிக் கொடுத்தாள். ஊரெல்லாம் ரப்பரும் மரச்சீனியும் நிற்க, எங்கள் விளையில் மட்டும் ஆமணக்கு. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, உங்க வீட்டில் யாருக்கு வயிற்றுக் கட்டு என்று விசாரித்தார்கள். தேங்காய் ஆட்டும் மில்லில் கொட்டையைக் கொண்டுபோனால் மில்காரர் கும்பிட்டு அனுப்பிவிட்டார். "இத ஆட்டின செக்குல பொறவு தேங்கா ஆட்டினா ஊரு முழுக்க வயிறு போவும் பிள்ளே" என்றாராம். மாமா சளைக்கவில்லை. சாக்கைப் பஸ்ஸில் போட்டுக் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு மில்லைக் கண்டுபிடித்து ஆட்டிக்கொண்டு வந்தார்.

எண்ணெய் தேன்போல் கெட்டியாக இருந்தது. அப்படியே எஞ்சினுக்குள் விட்டால் அடைத்துக்கொள்ளும் என்பது மாமாவுக்கே தெரியும். ஸ்பிரிட்டும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கலக்கி, ஊறுகாய்ப் பரணியில் ஊற்றி வைப்பார். மறுநாள் அடியில் கிளிசரின் தங்கி, மேலே மஞ்சளாக ஒன்று நிற்கும். அதை வடித்து எடுத்துக் கிணற்றடிப் பம்புசெட்டில் ஊற்றிய அன்றைக்கு அக்கம்பக்கமெல்லாம் வந்து நின்றது. நாலு இழுப்பு இழுத்தார். ஐந்தாவது இழுப்பில் பம்பு பிடித்துக்கொண்டது! பப்படம் பொரிக்கிற மாதிரி ஒரு வாசம். வாழைக்குத் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த வருஷம் சர்ச்சில் அறுப்புப் பண்டிகைக் காணிக்கைகளை ஏலம் விட்டபோது, வாழைக்குலைக்கும் சேவலுக்கும் நடுவே மாமாவின் ஆமணக்கு டீசல் ஒரு பாட்டில் நின்றது. ஏலத்தில் எடுத்தவர் அதை முழங்கால் வலிக்குத் தடவினாராம்.

சும்மா சொல்லக்கூடாது, மாமா பொய்க்காரர் இல்லை. அந்தப் பம்பு ஓடியது. அதோடு நிறுத்தத் தெரியாததுதான் அவருடைய வியாதி. அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து ஆட்டோ டாங்கியில் தன் சரக்கை ஊற்றிவிட்டார். அது சரியாகத் தெளியாத சரக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு கிழவரை ஏற்றிக்கொண்டு போன அப்பா, கொட்டுகிற மழையில் வெள்ளறடை ஏற்றத்தில் நின்றுபோனார். கிழவரை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே வீடுவந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் நனைந்து, முகத்தில் ரத்தமே இல்லை. மாமாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னார்.

"இனி ஒரு தடவ, ஒரே ஒரு தடவ இந்த ஆவணக்கால எனக்க வீட்டுல ஒரு நாசம் வரட்டு. அன்னைக்கு உனக்க தம்பி வெளிய. பின்ன நீ கால்ல விழுந்தாலும் கேக்க மாட்டேன்."

அப்பா சொன்னால் செய்கிற ஆள். அம்மா அன்றைக்குச் சோறு உண்ணவில்லை.

மாமா கொஞ்ச நாள் அடங்கிக் கிடந்தார். ஆனால் வாய் ஓயவில்லை. எண்ணெயை மட்டும் நம்பினால் ஆமணக்கு டீசல் கட்டுப்படியாகாது, ஆட்டிய பிறகு மிஞ்சும் பிண்ணாக்கையும் விற்றால்தான் தப்பலாம் என்று எங்களிடமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தேங்காய்ப் பிண்ணாக்கு என்றால் மாடு தின்னும். ஆமணக்குப் பிண்ணாக்கு விஷம். வாழை மூட்டில் உரமாகத்தான் போடலாம். அந்த விஷத்தை எடுக்க ஒரு வழியிருந்தால் எப்படியிருக்கும் என்பார். ஆமணக்குப் பிண்ணாக்குச் சாக்கு மாட்டுத்தொழுவத்தில், தேங்காய்ப் பிண்ணாக்குச் சாக்கை ஒட்டியே இருந்தது.

ராணிக்குக் காடி கலக்குவது என் வேலை. கஞ்சித் தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றி, ஒரு சிரட்டை பிண்ணாக்கு அள்ளிப் போட்டுக் கையால் கலக்க வேண்டும். என் கை முழங்கை வரை உள்ளே இருக்கும்போதே ராணி மூக்கை நுழைத்துவிடுவாள். அவளுக்கு அப்போது சினை, ஏழு மாதம்.

பள்ளி விடுமுறைக்கு அதியன்னூரில் பெரியம்மா வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அம்மா கிணற்றடியில் குந்தியிருந்து, பண்டிகைக்கு மட்டும் பரணிலிருந்து இறக்குகிற பெரிய சமையல் குட்டுவத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாராவது விருந்தாளி வந்தார்களா என்று கேட்டேன். "ஆரும் வரல்ல. மாட்டுக்குக் காடி கலக்கு, போ" என்றாள். தொழுவம் கழுவிவிட்டு ஈரமாகக் கிடந்தது. வயிற்றுப்போக்கு நாற்றம் அடித்தது. ராணி மூக்கை நுழைக்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டு நின்றாள். இரண்டு வாய் குடித்துவிட்டு விலகிக்கொண்டாள். அதுவரை மாட்டின் பக்கமே எட்டிப் பார்க்காத மாமா, தொழுவத்து வாசலில் வந்து நின்று, "குடிச்சுதா மக்கா? எவ்வளவு குடிச்சுது?" என்று கேட்டார். மாமாவுக்கு ராணிமேல் பாசம் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்படுகிற நேரத்தில் ராணி விழுந்தாள். கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. சாணத்தோடு ரத்தம் போயிற்று. அப்பா ஓடிப்போய் மாட்டு டாக்டரை ஆட்டோவில் ஏற்றிவந்தார். டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றில் கை வைத்தார், பிறகு எழுந்து சாக்குகளைப் பார்த்தார். இரண்டாவது சாக்கில் கைவிட்டு ஒரு கட்டியை எடுத்து மோந்தார்.

"இது ஆவணக்கின்றெ பிண்ணாக்கல்லே? இன்னலெ காடி கலக்கியது ஆரா?" நேற்றுக் காடி கலக்கியது யார் என்று மலையாளத்தில் கேட்டார்.

அப்பாவின் கண் மாமாவிடம் போயிற்று. அப்போது என் தோளில் அம்மாவின் கை விழுந்தது. ஈரமாக, சூடாக இருந்தது. அந்தக் கை கொடுத்த தைரியத்தில் நான் ஓரடி முன்னால் வந்து, "நானாக்கும்" என்றேன்.

எந்தச் சாக்கிலிருந்து எடுத்தாய் என்று கேட்டார்கள். தேங்காய்ப் பிண்ணாக்குச் சாக்கைக் காட்டினேன். நிச்சயமா என்றார் அப்பா. நிச்சயம் என்றேன். இருட்டுகிற நேரமில்லையா, நல்லா ஓர்த்துப் பாரு என்றார்கள். ஓர்த்துப் பார்த்தேன். எத்தனை முறை கேட்டார்களோ, அத்தனை முறையும் அந்தச் சாக்கு கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறியது. கடைசியில், தெரியல்ல என்று அழுதேன். அப்பா கையை ஓங்கினார்.

"விடுங்க அத்தான். கொச்சுப் பிள்ளயாக்கும், அதுக்கு என்ன தெரியும்" என்று மாமா குறுக்கே வந்து என்னைத் தூக்கிக்கொண்டார்.

எவன் இந்தச் சாக்கை இங்கே வைத்தது என்று அப்பா அவர் பக்கம் திரும்பினார். அம்மா முந்திக்கொண்டு, "நானாக்கும் வைக்கச் சொன்னது, மழைல நனையாண்டாமுன்னு" என்றாள். அப்பாவின் கை இறங்கிவிட்டது. பெற்ற பிள்ளையையும் கட்டியவளையும் எங்கே துரத்துவது? என் குற்றத்தில் பாதியை அம்மா தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று நான் அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்தேன்.

மத்தியானம் ராணி செத்தாள். வயிற்றில் கன்று கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. அதை நான் கையை வைத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்கிறேன். ஆமணக்குச் செடிகளுக்கு நடுவிலேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். மாமா பாறசாலைக்குப் போய் எனக்கு கிரீம் பன் வாங்கிவந்து, தானே பிய்த்து ஊட்டினார். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பன்னும் தின்றேன், பாவி.

அன்றைக்குத் தூங்கப் போகும்போது, இரண்டாவது சாக்கிலிருந்து நான் அள்ளியது எனக்குத் தெளிவாகவே ஞாபகம் வந்துவிட்டது. சிரட்டை உரசிய சத்தம்கூடக் கேட்டது. பிறகு எத்தனையோ வருஷம், ஜெபம் செய்ய முட்டிபோட்டால் முதல் மன்னிப்பு ராணிக்கு, இரண்டாவது கன்றுக்கு. பள்ளியில் 'மாட்டுக்கொல்லி' என்று கூப்பிட்டார்கள். அம்மா அதற்குப் பிறகு வேறு மாடு வாங்கவில்லை. அதுவும் என்னால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் அறுப்புப் பண்டிகை முடிந்து எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா இப்போது சர்ச் கமிட்டியில் இருக்கிறார், பெரிய மனிதர். அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. மாமாவின் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். தாவர எண்ணெய் டீசல்தான் அவன் புராஜெக்ட். ஆமணக்குக்கு இன்னும் எதிர்காலம் உண்டா அப்பா என்று அவன் கேட்டதும், மீன்கறியில் கைவைத்திருந்த மாமாவுக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

"உண்டுடே, உண்டு! இன்னைக்குப் பெட்ரோல்ல ஸ்பிரிட் கலக்குதானுவ. அன்னைக்கு நான் சொன்னப்ப சிரிச்சானுவ. எண்ணெயில இல்லடே, பிண்ணாக்குலதான் காரியம் கெடக்கு. அத மாட்டுத் தீவனம் ஆக்கினா ஜெயிச்சோம். அவிச்சா விஷம் போவும், கேட்டியா. நான் ஒரு வெள்ளியாழ்ச்ச முழுக்க குட்டுவத்துல போட்டு அவிச்சேன். அந்தியில வெச்சுக் குடுத்தேன், மாடு நக்கிக் குடிச்சுது. சனியாழ்ச்ச காலத்த வர ஒரு கொழப்பமும்..."

நின்றுவிட்டார். சித்தப்பா சிரிக்க வாயைத் திறந்து, சிரிப்பு வராமல் மூடிக்கொண்டார். "எலே, இன்னும் ஒரு துண்டு மீன் வைக்கட்டா?" என்றாள் அம்மா. "ஓ, வை" என்றார் மாமா. தலை நிமிரவில்லை.

அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் கொடுமை. சூட்டில் அந்த விஷம் முறியும். மருந்து படித்த எனக்குத் தெரியும். கட்டி கட்டியாகக் கிடந்த பிண்ணாக்கின் உள்ளே சூடு போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அந்தியில் அவர் கொடுத்ததிலேயே, நான் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் இறங்கும் முன்பே ராணிக்குச் சாவு உறுதியாகியிருந்தது.

அடுக்களையில் அம்மா தனியாக இருந்தபோது போய்க் கேட்டேன். அன்னைக்குக் குட்டுவத்தை எதுக்கும்மா தேய்ச்ச?

அம்மா கொஞ்ச நேரம் சட்டியைச் சுரண்டினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அவன உனக்க அப்பா எறக்கி விட்டிருந்தா அவன் எங்க போவான் மக்கா? நீ பெத்த பிள்ள. பிள்ளய ஆரு எறக்கி விடுவா?"

நியாயம்தான். என்னை யாரும் இறக்கிவிடவில்லை. அன்றைக்கு என்னைத் தனியே கூப்பிட்டு, மாமாவுக்காக நீ ஏத்துக்கோ மக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அம்மாவுக்காகச் சந்தோஷமாக ஏற்றிருப்பேன். கேட்கவில்லை. டாக்டர் கேட்டு, அப்பாவின் கண் மாமாவிடம் போனபோது, அந்த ஈரக் கையை என் தோளில் வைத்து மெதுவாக ஓர் அழுத்து அழுத்தினாள். நானாக முன்னால் வந்தேன் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பத்து வயதில் எனக்கு என்ன தெரியும்? 'பயப்படாதே, நான் இருக்கிறேன்' என்று அம்மா சொல்வதாகத்தான் பட்டது.